ஆணி அடிக்காமல் ஒரு மீன்தொட்டி

ஓடாவி வேலையில் மரம் சொன்னபடி கேட்கும், வீட்டுக்காரர்தான் கேட்கமாட்டார்கள். உளி பிடித்த எவரும் இதை மறுக்கப்போவதில்லை. அறுபதுகளில் வவுனியாவில் ஒரு மாடிவீட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நீங்கள் பட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீரின் பாரம்

வீட்டுக்காரர் நீர்ப்பாசன ஓவசியர். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து ரயிலில் இறக்கியிருந்தார். இரும்புச் சட்டம், நான்கு கால். கீழே பூனைத் தொல்லை என்று அதை மாடியில் வைக்கப்போகிறாராம். மாடித் தளமோ பனந்தீராந்தி என்கிற குறுக்கு உத்தரங்களின் மேல் அடித்த வெறும் பலகை. நிரப்பினால் பதினைந்து மூட்டை நெல்லின் பாரம் வரும் என்றேன். குளம் குளமாகத் தண்ணீர் அளந்து விடுகிற மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மீனே மிதக்கிற சாமானிலை என்ன பாரம், ஓடாவியார்?"

மூட்டைப் பரீட்சை

வாயால் சொல்லி விளங்காதென்று பக்கத்து ஆலையிலிருந்து பதினைந்து மூட்டை நெல்லை மாடிக்கு ஏற்றி, சுவருக்குச் சுவர் பரப்பினேன். தளம் அசையவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். என் கணக்குத்தான் பிழை போல என்று வெட்கத்தோடு இறங்கி வந்தேன். ஓவசியரின் மனைவி தேத்தண்ணி தந்தபடி கேட்டார்:

"துணுக்காயிலை எங்கடை வீட்டிலை மூட்டை அடுக்கின இடம் பதியேல்லை, அலுமாரிக் கால் நிண்ட நாலு இடமும்தான் குழி விழுந்தது. உங்கடை மூட்டைக்குக் காலிருக்கோ?"

ஏழாம் மாதம்

அவா சொன்னதுதான் சரி. பரப்பிய மூட்டையின் பாரம் தளம் முழுவதும் பிரியும், தொட்டியின் பாரமோ நான்கு காலிலும்தான் இறங்கும். தீராந்திகளுக்குக் கீழே இரண்டு பனங்குற்றிகளை முண்டு கொடுத்து, ஆப்பு இறுக்கி, ஆணி அறைந்தால் அரைநாள் வேலை. ஆனால் அந்த இடம் அவர்கள் படுக்கிற அறை. கீழே இருந்ததும் அந்த ஓர் அறையும் சமைக்கிற குசினியும்தான். அவாவுக்கு ஏழு மாதம். செங்குத்தான மாடிப்படியில் ஏறவும் முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அறையக்கூடாது என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே.

பிள்ளை பிறந்தபின் வருகிறேன் என்று சாமான்களைச் சுருட்டினேன். தொட்டியோடு வாங்கி வந்து குசினி அண்டாவுக்குள் விட்டிருந்த மீன்களோ நாளுக்கு இரண்டாகச் செத்துக்கொண்டிருந்தன. அவா வாசலை மறித்தார். கண் கலங்கியிருந்தது.

"வயித்திலை பிள்ளையோடை இதுகள் சாகிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. ஆணியும் அடிக்கக்கூடாது. நீங்கள்தான் ஒரு வழி பாருங்கோ."

இரண்டு தலையணை

குற்றிகளை எதிர்வீட்டு வளவில் வைத்து அறுத்தேன். உச்சிக்கும் தீராந்திக்கும் நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி விட்டு, தட்டாமல் கொட்டாமல் கட்டிலின் இருபுறமும் கல்லின் மேல் நிறுத்தினேன். ஆப்பு செய்கிற வேலையைத் தண்ணீரே செய்யட்டும் என்பது என் யோசனை. மேலே தொட்டிக் கால்களுக்குத் தடித்த பலகை கொடுத்தேன். ஓவசியர் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். அவாவை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு நான் குற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி நிரம்பும்வரை குற்றி கைக்குச் சுழன்றது. பிறகு ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. பார்த்தால் தீராந்தி இறங்கிக் குற்றியில் குந்தியிருந்தது. அதன் பிறகு எவ்வளவு தள்ளியும் குற்றி அசையவில்லை.

தொட்டி நிரம்பியது, மீன்களும் போய்ச் சேர்ந்தன. "இனிப் பயப்படாமல் படுக்கலாம்" என்று நானும் ஓவசியரும் ஒரே குரலில் சொன்னோம். அவா உள்ளே வந்து குற்றிகளைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு கட்டிலில் இரண்டு தலையணைகளைப் போட்டார்.

"நீங்கள் ரெண்டுபேரும் பின்னேரம் வரைக்கும் இதிலை படுத்து எழும்புங்கோ. அதுக்குப் பிறகு நான் படுக்கிறன்."

என் வேலைக்குக் கீழே நானே மல்லாந்து கிடந்து ஒவ்வொரு பலகையாக எண்ணிய அந்த மத்தியானத்துக்குப் பிறகு, எந்த வீட்டில் எது செய்தாலும் தேவைக்கு மேல் இரண்டு ஆணி அடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.