சாவுக்குப் பிறகு கட்டிய காப்பு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பர்மிய மொழிக்கும் பெயர்த்துக் கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. மருந்துச் சீட்டு, வீட்டுப் பத்திரம், கல்யாணச் சான்றிதழ், எது வந்தாலும் சரி. போன மழைக்காலத்தில், யாங்கோனில் வேதாகமப் பாடம் நடத்தும் தமிழ்ப் போதகர் ஒருவர் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தார். பழங்கால யூத மதகுருக்களான ரபிகள் நசரேய விரதத்தைப் பற்றி என்ன சொன்னார்கள், அதை இக்கால ஆய்வாளர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது விஷயம். "உங்களுக்கு இது புதுசா இருக்கும்மா" என்றார்.

எனக்கா புதிது? நசரேய விரதம் எடுத்தவன் திராட்சரசம் குடிக்கக்கூடாது, தலைமயிர் வெட்டக்கூடாது, பிணத்தின் அருகே போகக்கூடாது. அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டுகிறவளிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். எங்களுக்கும் கவுச்சி கிடையாது, முடி வெட்டக்கூடாது, சாவு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. பெருமையாகச் சிரித்துக்கொண்டே வேலையை வாங்கிக்கொண்டேன்.

ரபிகளுக்கு விரதக்காரர்கள் மேல் அவ்வளவு பிரியம் இல்லை போலிருக்கிறது. கோபத்தில் விரதம் எடுப்பவன், பந்தயம் கட்டி எடுப்பவன், எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பவன் என்று வரிசையாக வழக்குகள். அவர்கள் துறவையே வெறுத்தார்கள் என்கிறார் ஓர் ஆய்வாளர். இல்லை, கட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள் என்கிறார் இன்னொருவர். நான் தேநீர் குடித்தபடி ரசித்துப் பெயர்த்துக்கொண்டு போனேன். அப்போது ஓர் இடம் வந்தது. விரதக்காரன் தாய் தகப்பன் செத்தாலும் பிணத்தைத் தொடக்கூடாது; ஆனால் எடுத்துப்போட ஆளில்லாத பிணம் ஒன்று கிடந்தால், தீட்டைப் பார்க்காமல் அவனே அடக்கம் செய்யவேண்டும்.

அதற்குமேல் அன்று ஒரு வரியும் ஓடவில்லை.

எங்கள் நாலாவது மாடியில் எதிர் வீட்டில் ஒரு தையற்காரி இருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. இருபது வருஷம் என் ரவிக்கை எல்லாம் அவள் தைத்ததுதான். அவளுக்கு மார்பில் புற்று வந்தது. கடைசி மாதங்களில் புண் உடைந்து வீடே நாறியது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் போயிட்டா நம்ம பொம்பளைங்க கையால ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"போடி பைத்தியம். நான் இருக்கேன்ல" என்றேன்.

அதன்பிறகு அவள் வீட்டுக்குள் நான் அதிகம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. அந்த நாற்றம் எனக்குக் குமட்டியது.

அவள் செத்த காலையில் கதவைத் தட்டியது தரைத்தளத்தில் இருக்கும் பர்மியப் பெண்மணி. எங்கள் கட்டடம் முழுக்க அவரை 'டோலே' என்றுதான் கூப்பிடும். பர்மிய மொழியில் சித்தி. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. "உன் தங்கச்சி போயிட்டாம்மா. வா, குளிப்பாட்டணும்" என்றார். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

கோயிலில் கொடியேறி ஒரு வாரம் ஆகியிருந்தது. மகன் பாங்காக் போய்ப் பத்திரமாகச் சேர்ந்ததற்காகத் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தேன். கடைசி மூன்று நாளுக்குக் காப்புக் கட்டினால் போதும் என்று பூசாரியே சொல்லியிருந்தார். ஆனால் அன்று காலை நான் முகம் கழுவினேன், புடவை மாற்றினேன், ஓசைப்படாமல் படியிறங்கினேன், கோயில் இருக்கும் தாகேதாவுக்குப் பஸ் ஏறினேன். "சாவு வீட்டுக்கு எதுவும் போனீங்களாம்மா?" என்று பூசாரி கேட்டார். "இல்லைங்க சாமி" என்றேன். அதில் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்தபோது டோலே மாடி முகப்பில் நின்றிருந்தார். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பக்கத்துக் கட்டடத்துப் பர்மியப் பெண்கள் இரண்டு பேரை அழைத்துவந்து அவரே குளிப்பாட்டினார். நடுநடுவே என் வாசலில் வந்து நின்று கேட்டார். தலை எந்தப் பக்கம்? பொட்டு எங்கே? புடவைத் தலைப்பு எந்தத் தோளில்? நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடி, கோயில் தர்மகர்த்தா மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். தெற்கே தலை. புருவ மத்தியில் பொட்டு. இடது தோள். பிற்பகலில் இலவச அடக்கச் சங்கத்தார் வண்டி கொண்டுவந்து அவளை எடுத்துப் போனார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கன்னத்தில், பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, தனக்கா, பூசியிருந்தார்கள்.

அந்த வருஷம் தீ மிதித்தேன். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. என்ன பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு ஆளில்லாமல் போகவில்லையே, டோலே இருந்தாரே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு மறுநாள் கட்டுரையைத் தொடர்ந்தேன். இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வழக்கு. ஒருவன் இடுகாட்டில் நின்றுகொண்டே விரதம் எடுத்தால்? முப்பது நாள் அங்கேயே இருந்தாலும் அந்த நாட்கள் விரதக் கணக்கில் சேராது என்கிறார்கள் ரபிகள். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

போதகர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர். "எல்லாம் அருமையா வந்திருக்கும்மா. இந்த இடுகாட்டு வரி மட்டும் விட்டுப்போச்சு" என்றார்.

"கண்ணு தவறிடுச்சுங்கய்யா."

"வயசாகுதுல்ல" என்று சிரித்தார். அவர் எதிரிலேயே எழுதிச் சேர்த்தேன்.

அவர் போனதும் தரைத்தளத்துக்கு இறங்கினேன். டோலே புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காராமலே பர்மிய மொழியில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீங்க வந்து கூப்பிட்டப்போ எனக்குக் காப்பு இல்லை டோலே. அதுக்கப்புறம்தான் போய்க் கட்டிக்கிட்டேன். வரக்கூடாதுன்னே கட்டிக்கிட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும். கதவைத் திறந்தப்போ உன் கை வெறுங்கையா இருந்துச்சே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டேனே. மூணு தடவை வந்து கேட்டேன்." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார். "அவ பொட்டு எங்க வைப்பான்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா தினம் பாத்த நெத்தி. அப்பவாவது எழுந்து வருவேன்னு பாத்தேன். ஏதாவது எடுக்கக் கீழ என் வீட்டுக்குப் போய் ஏறி வந்தப்பல்லாம் உன் வாசல்ல நின்னு கேட்டேன்."

அவருக்கு முட்டி வலி உண்டு. அந்த வலியோடு மூன்று முறை நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு நாலு எட்டு.