வாசலில் ஒரு ‘எங்க போற?’

என் மகளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது அவள் வாயில் நாலைந்து வார்த்தைகள் நிரந்தரமாகக் குடியிருந்தன. மற்ற வார்த்தைகள் வரும், போகும். இவை மட்டும் காலி செய்யச் சொன்னாலும் அசையாத குடித்தனக்காரர்கள் மாதிரி. முதலாவது ‘ம்மா’. கூப்பிடுவதற்கான வார்த்தை அல்ல அது. சும்மா வாயில் போட்டு மெல்வதற்கு. “ம்மா.” “இன்னாடி?” “ம்மா.” “சொல்லேன்டி.” “ம்மா… ஒன்னுமில்ல.” அடுப்பில் பால் பொங்கும் நேரமாகப் பார்த்துத்தான் இந்த ஒன்றுமில்லாததைச் சொல்ல வருவாள்.

அடுத்தது ‘நானே’. சட்டை நானே, செருப்பு நானே, சாம்பார் ஊற்றுவது நானே. சாம்பார் தரையில் ஓடுகிறபோது மட்டும் ‘நீ’. துடைக்கிற வேலையை அவள் ஒருநாளும் தன்னுடையதாகக் கேட்டதில்லை. பிறகு ‘ஏன்’. ஏன் என்பதற்கு நான் ஒரு பதில் சொன்னால், அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். அப்படியே போய்ப் போய்க் கடைசியில் கடவுளிடமோ அடியிலோதான் முடியும்.

இதில் வேடிக்கை, நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம், “பிள்ளைங்க கேள்வி கேட்டா தடுக்காதீங்க, அதுதான் அறிவு வளர்ற அடையாளம்” என்று எழுந்து நின்று பேசியிருக்கிறேன். மலை ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு அம்மா மட்டும் ஒருமுறை, “டீச்சருக்குப் பிள்ளை இருக்குதுங்களா?” என்று கேட்டாள். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அவள் ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆனால் இந்த வார்த்தைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் உயிரை எடுத்தது ‘எங்க போற?’ என்பதுதான்.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போகிற காரியம் விளங்காது என்பார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் “தூரமா?” என்று நாசூக்காகக் கேட்பார்கள். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், திரும்பி வீட்டுக்குள் வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பவேண்டும். பல வீடுகளில் இதை முணுமுணுப்போடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் இன்ஜினியரிங் படித்தவர். போர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். மோட்டார் ஏன் எரிந்தது என்று விவசாயிகளுக்கு வோல்டேஜ் கணக்கோடு அரைமணி நேரம் பாடம் நடத்துவார். அதே மனுஷன் வாசலில் ‘எங்க போற’ என்ற சத்தம் காதில் விழுந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார். அந்த வோல்டேஜ் எங்கிருந்து வருகிறதோ, எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு கீழே கள்ளக்குறிச்சியில். மலைக்குப் போகிற என்னுடைய வெள்ளிமலை பஸ் விடியற்காலையில் கிளம்பும். அதை விட்டால் பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இருட்டோடு எழுந்து, சத்தம் வராமல் சமைத்து, பூனை மாதிரி கதவைத் திறப்பேன். தாழ்ப்பாள் சத்தம் ஒன்று போதும். தலைமுடியெல்லாம் பறக்க, ஒரு கையில் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

“எங்க போற?”

உடனே உள்ளே இருந்து அவர் குரல் வரும். “வா, வா, உள்ள வா. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ. மலை ரோடு, விளையாட்டு இல்ல.”

“பஸ்ஸு போயிடுங்க.”

“பஸ்ஸு போனா போவுது. ஆள் முக்கியமா, பஸ்ஸு முக்கியமா?”

உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். மகள் ஓடிவந்து மடியில் ஏறுவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, அவளை இறக்கிவிட்டு ஓடுவேன். ஒருமுறை பஸ் போயே விட்டது. இவர் என்னைப் பைக்கில் ஏற்றிக் கச்சிராயபாளையம் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்துக் கொடுத்தார். லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில் புகுந்து போன அந்தப் போக்கில் என் உயிர் என்னிடம் இல்லை. ஆபத்து வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தேன்.

மகளைத் திருத்தப் பார்த்தோம். “அப்படிக் கேக்கக் கூடாது கண்ணு, ‘தூரமா’ன்னு கேக்கணும்” என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாலு நாள் பயிற்சி. ஐந்தாம் நாள் காலையில் வந்து நின்று, “தூரமா எங்க போற?” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஏன்ப்பா கேக்கக் கூடாது?” என்று அவரிடமே ஒருநாள் கேட்டாள்.

“சகுனம் சரியா இருக்காது.”

“சகுனம்னா இன்னா?”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் விளக்குவதில் மும்முரமாக இருந்தேன். அனுபவிக்கட்டும்.

அந்த வருஷம் இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரே ஒரு காலியிடம். அது மட்டும் கிடைத்துவிட்டால் காலையில் மகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு, எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பலாம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம். மலையில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் நான் வீட்டைவிட்டுப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில்தான் என்னை வெயிலில் பார்த்தாள். அந்த இடத்துக்காக நான் வேண்டாத சாமியில்லை. சீனியாரிட்டியில் என் பெயர் மேலே இருந்தது. கூப்பிடும்போது ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கலந்தாய்வு நடக்கிற அலுவலகமும் எங்கேயோ இல்லை, இதே கள்ளக்குறிச்சியில்தான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் கிளம்பிவிடவேண்டும் என்று அவர் முந்தின நாளே சொல்லிவிட்டார். எட்டரைக்கெல்லாம் தயாராகிவிட்டோம். மகளைப் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். சாமி கும்பிட்டு, திருநீறு வைத்து, வலது காலை எடுத்து வெளியே வைத்தோம்.

“எங்க போற?”

உள்ளே வந்தோம். உட்கார்ந்தோம். குடித்தோம். அவர் கற்பூரம் ஒன்று கூடுதலாக ஏற்றினார். மறுபடி வெளியே வந்தோம். அக்கா சமயோசிதமாக ஒரு பிஸ்கட்டை அவள் வாயில் திணித்திருந்தாள். பிஸ்கட்டுக்கு நடுவிலிருந்து வந்தது, “எங்க போற?”

மறுபடி நாற்காலி. மறுபடி தண்ணீர். அந்த அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, இன்னும் போவலியா?” என்றாள். அதுவும் அவர் கணக்கில் நல்ல வார்த்தை இல்லை. அதற்கும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பின்கட்டுக் கதவு வழியாகத் திருடர்கள் மாதிரி நழுவிப் பார்த்தோம். ஆனால் பைக் முன்வாசலில் நிற்கிறதே. அவர் கிக்கரை உதைத்த சத்தத்துக்கு மகள் அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்துவிட்டாள். கேட்டுவிட்டாள். மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது தாண்டிவிட்டது.

“எமகண்டம் வந்துடுச்சி,” என்றார். “இப்பக் கிளம்பினா நல்லாருக்காது. கொஞ்சம் பொறு.”

“நான் போறேன். நீங்க எமனுக்குத் தண்ணி குடுத்துக்கினு இருங்க.”

சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அந்தக் கோபம் முதல் தடவையே வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால், சும்மா சொல்வானேன், எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இன்றைக்குப் போய் எதற்கு வம்பு என்ற பயம். தெருமுனையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். நான்குமுனை சந்திப்பில் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். பஜாரில் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா, “டீச்சர், எங்க இவ்ளோ அவசரமா?” என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

படியேறும்போதே கூட வேலை பார்க்கும் டீச்சர் எதிரே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “மூணு வாட்டி கூப்ட்டாங்கடி. எங்கடி போன?” என்றாள். எலவனாசூர்கோட்டை எனக்கு அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது. அவரும் கைக்குழந்தைக்காரி. திட்டக்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். “கெடைக்கலியா?” என்றார். பிறகு, “அதான் சொன்னேன், எமகண்டத்துல போவாதன்னு” என்றார். அந்த நிமிஷம் நான் அவரை எதுவும் செய்யாமல் விட்டதற்கு அவர் எந்தச் சாமிக்காவது கிடா வெட்டவேண்டும். கடைக்குப் போய்ச் சேருங்கள் என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். போகும்போது நானும் எதுவும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மத்தியானம் மகளைக் குளிப்பாட்டிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கோபம் அடங்கவில்லை. துண்டைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

“ஏன்டி, எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தோம். காலைல எதுக்குடி கேட்டுக்கினே இருந்த? நாங்க எங்க போறோம்னு தெரிஞ்சி நீ இன்னா பண்ணப் போற?”

“எங்க போறன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் துண்டுக்குள்ளிருந்து. “ஆபீசுக்கு. அப்பா சொல்ச்சி.”

“தெரியுமா? தெரிஞ்சிக்கினேவா கேட்ட?”

“ம்.”

“தெனமும்? நான் மலைக்குப் போறப்போ?”

“தெரியும். பள்ளிக்கூடத்துக்கு.”

“அப்புறம் எதுக்குடி கேக்கற?”

துண்டை விலக்கிவிட்டு, இதுகூடத் தெரியாத டீச்சரா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“கேட்டாதான நீ உள்ள வந்து உக்காருவ.”

நான் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மடியில் ஏறிக்கொண்டாள். ஈரத்தலை என் புடவையெல்லாம் நனைத்தது. நான் அழுததை அவள் பார்க்கவில்லை, அவள் கவனம் என் வளையலில் இருந்தது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இன்னமும் மலை பஸ்தான், இன்னமும் இருட்டோடுதான் கிளம்புகிறேன். முன்பைவிடக் கால்மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கிறேன், தாழ்ப்பாளைச் சத்தமாகவே திறக்கிறேன். அவள் வந்து கேட்டதும், யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தன் சாஸ்திரம் கடைசியில் டீச்சரை ஜெயித்துவிட்டது என்ற பெருமையில், தண்ணீரைத் தானே கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்குத் தாகம் இல்லை. இருந்தாலும் மெதுவாகத்தான் குடிக்கிறேன்.