அக்காவின் ரத்தத்தில் உப்பு

"நம்பர் எழுதுறது மட்டும்தாம்மா உன் வேலை" என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். சொல்லி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீசியன். வயது இருபத்தாறு. மற்ற லேபுகளில் சர்க்கரை, யூரியா, அணுக்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான் பார்ப்பார்கள். எங்கள் முதலாளி மட்டும் ரத்தத்தில் இருக்கும் உப்பை அளக்கிற மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தார். ஒரு சின்ன கேஸ் சுடர் எரிந்துகொண்டிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த நீரை அதில் தெளித்தால், உப்பின் அளவுக்கு ஏற்பச் சுடர் மஞ்சளாகும். முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். நூற்று நாற்பதை ஒட்டி இருந்தால் நல்லது. மெஷினைச் சரிபார்க்க, தினமும் காலையில் நானே உப்பைத் தராசில் நிறுத்துக் கரைசல் தயாரிப்பேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அதே உப்புதான், கொஞ்சம் சுத்தமானது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் என்னை நானே திட்டிக்கொள்ள இது வேண்டியிருக்கும்.

என் அக்காவைப் பக்கத்துக் கிராமமான அகரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கனகாம்பரத் தோட்டம். ஒரு நாள் காலையில் பூப் பறித்துக்கொண்டிருந்தவள், தலைக்குள் ஏதோ வெடித்த மாதிரி இருக்கிறது என்று கத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வாந்தி நிற்காமல், கழுத்தும் விறைத்துப்போன பிறகுதான் திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்தார்கள். எங்கள் லேபுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நர்சிங் ஹோம். அங்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார் டாக்டர். தண்ணீர் போல வரவேண்டியது சிவப்பாக வந்தது. மூளையில் ரத்தக் கசிவு. அந்தக் குப்பி என் மேசைக்குத்தான் வந்தது.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் அடியில் பிழைத்துவிட்டாள். ஆனால் இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது அடி வரலாம், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரலாம். இப்போது அசைக்கக் கூடாது. தினமும் ரத்தம் பார்ப்போம், ஏதாவது தெரிந்தால் மதுரைக்கு அனுப்புவோம். இதெல்லாம் சரிதான், அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "பிரஷர் இருக்கு. உப்பைக் குறைச்சுக்குங்க."

அக்காவின் மாமியாருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். குறைப்பதாவது! அடியோடு நிறுத்தினார். "உப்பில்லாப் பத்தியம் இருந்தாத்தேன் ரத்தம் அடங்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். வந்தவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் நோயாளிக்குப் பத்தியம் கடுமையாக இருக்க இருக்க, கவனிப்பவர்களுக்கு மதிப்பு. அந்தக் கஞ்சியைக் காய்ச்சியது நான். நர்சிங் ஹோமுக்கு என் வீடுதான் பக்கம். காலையில் லேபில் உப்பை நிறுத்துவிட்டு, மதியம் உப்பில்லாத கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவேன். இரண்டும் ஒரே உப்பு என்பது இந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

நாலாம் நாள் அக்காவின் ரத்தத்தில் உப்பு நூற்று முப்பத்தெட்டு. மறுநாள் நூற்று முப்பத்தைந்து. ரிசல்ட் சீட்டில் அச்சடித்திருந்த கீழ் எல்லையே அதுதான் என்பதால், டாக்டர் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டார். ஆறாம் நாள் நூற்று முப்பத்திரண்டு. தலையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு இப்படி உப்பு இறங்கிக்கொண்டே போனால் அது கெட்ட அறிகுறி என்று எங்கள் படிப்பில் ஒரு வரி வந்திருந்தது. சீட்டை நானே கொண்டு போனேன்.

"சார், தினமும் மூணு மூணா இறங்குது."

அவர் நேற்றைய சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க லேபு மெஷின் லட்சணம் தெரியாதா? வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்."

லேபுக்குத் திரும்பி, கூட வேலை செய்தவளிடம் என் கையிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லி, அதே மெஷினில் போட்டேன். எனக்கு நூற்று நாற்பத்தொன்று. அக்காவின் ரத்தத்தை மறுபடி போட்டேன். அதே நூற்று முப்பத்திரண்டு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஏழாம் நாள் அக்காவுக்கு நூற்று இருபத்தொன்பது. இரண்டு பேர் சீட்டையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாரோடது?"

"என்னோடது சார். மெஷின் சரியா இருக்குன்னு காட்டத்தான். அக்காவை மதுரைக்கு அனுப்பிரலாம் சார்."

"உன் ரத்தத்தை யாரும்மா கேட்டா? அசைச்சா என்னாகும்னு தெரியுமா உனக்கு? நம்பர் எழுதுறது மட்டும்தாம்மா உன் வேலை."

பக்கத்தில் நின்ற அக்கா புருஷனைப் பார்த்தேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும், "டாக்டருகிட்ட இப்படியா எதுத்துப் பேசுறது" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். பெண்டாட்டி உயிரை விட டாக்டரின் முகம் கோணாமல் இருப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் கஞ்சியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தொட்டுக்கிற வெஞ்சனமெல்லாம் வேணாம்டி. கொஞ்சூண்டு உப்பு மட்டும் போட்டுக் கொண்டா. நாக்கு உப்புக்குத் தவிக்குது."

"டாக்டர் வேணாம்னுருக்காரு. பேசாமக் குடி" என்றேன். நானே ஊட்டி முடித்தேன்.

அன்று நாலு மணிக்கு அக்காவுக்கு வலிப்பு வந்தது. தெளிந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சும் போயிருந்தது. இப்போது அவசரமாக மதுரைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அசைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவளை அம்பாசிடர் காரின் பின் சீட்டில் படுக்கவைத்து, ரோட்டுப் பள்ளங்களில் எல்லாம் தூக்கிப் போட்டபடி கொண்டுபோனோம்.

மதுரையில் ஒரு இளம் டாக்டர் நாலு நாள் சீட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்தார். "இதை யாருமே சேர்த்துப் பார்க்கலையா?" என்றார். நான் பார்த்தேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன். உடனே நரம்பில் உப்பு நீர் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. கஞ்சியில் போடுகிற உப்பு இந்த இறக்கத்துக்குப் போதாது, அதனால் மட்டும் ஒன்றும் தடுத்திருக்க முடியாது என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் சீட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஃபைலில் வைத்தார்.

திண்டுக்கல் டாக்டரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அவருக்கு அன்று தெரிந்தது ஒரு நம்பர் மட்டும். அந்த நம்பரும் தெரிந்து, தினமும் உப்பைக் கையால் தொட்டுக்கொண்டும் இருந்தவள் நான். அக்காவின் உடம்பு வாயைத் திறந்து கேட்டது. நானும் அவரைப் போலவே வாயை அடைத்தேன்.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் இடது கையால் உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்வாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது, போதும் என்று நான் ஒரு நாளும் அவளைத் தடுத்ததில்லை.