நோய் இல்லாதவர்களுக்கு இலவசம்

செம்மேட்டிலிருந்து மலைப்பாதை வளைவுகளில் இறங்கி நாமக்கல் வந்து சேர்வதற்குள் களைத்துவிட்டேன். புதிதாக எடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு பரிசோதனை இலவசம் என்பதால் கணவரோடு வந்திருந்தேன். "தொந்தரவு ஏதாவது இருக்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். மார்பில் கட்டி இருப்பதைச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லாதப்ப பார்த்துக்கிறதுதானுங்க இலவசம். கட்டி என்னன்னு கண்டுபிடிக்கிற ஸ்கேனுக்குக் காப்பீட்டுல பணம் தரமாட்டாங்க," என்றார்.

"அப்ப நான் சொல்லலைன்னு வெச்சுக்கங்க," என்று எழுந்தேன்.

கணவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஸ்கேன் எடுங்கம்மா, மொளகு வித்த காசு இருக்குதுங்க," என்றார்.

புற்றுநோய்தான். தொடக்கத்திலேயே தெரிந்ததால் அறுவைச் சிகிச்சையோடு தப்பினேன். ஸ்கேனுக்குக் கொடுத்தது கூரை மாற்ற வைத்திருந்த காசு. அந்த மழைக்காலம் முழுக்க வீடு ஒழுகியது. பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்து அலுத்துப்போனேன். அலுத்துக்கொள்ளவாவது உயிரோடு இருக்கிறேனே என்று அப்போதுதான் தோன்றியது.