காந்தா அத்தை பொட்டு வைத்த ஜாடி

1956-ஆம் வருஷம், ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நான் பெங்களூரை விட்டுக் கிளம்பினேன். மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு. ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அப்பாதுரை மாமாவும் அவர் மனைவி காந்தா அத்தையும் சிட்டி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார்கள். என் டிரங்குப் பெட்டியை, நான்தான் தூக்குவேன் என்று மாமா தூக்கினார். மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் இறக்கி வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதுகூட ஆகாத மனுஷன்.

"இன்னா மாமா, இன்னைக்குத் திங்கட்கிழமை இல்லியே?" என்றேன்.

மில்லில் அவருக்குப் பெயரே 'திங்கட்கிழமை மாப்பிள்ளை'. மாமாவும் அத்தையும் பஞ்சு சீவும் கார்டிங் ஹாலில் வேலை பார்த்தார்கள். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூசி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மார்பு லேசாகும். திங்கள் காலை ஹாலுக்குள் கால் வைத்ததும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல ஆகிவிடும். மில் டாக்டர் பீடி இருமல் என்றார். மாமா பீடியைத் தொட்டதே இல்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்: தூசி இல்லாத பாக்கிங் கோடவுனுக்கு மாற்ற வேண்டும். அவரும் இன்னும் சிலரும் மனுக் கொடுத்தார்கள். வெல்ஃபேர் ஆபீசர் சந்தானம் கூப்பிட்டுப் பேசினார். ஹால் காற்றை அளப்போம், தூசி அதிகம் என்று தெரிந்தால் மாற்றுகிறோம் என்றார். அளக்க இரண்டு சாமான்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று கைப்பம்பு, காற்றை உறிஞ்சி வெள்ளைக் காகிதத்தின் வழியே விடும், படிந்த தூசியை ஆபீசில் எடை போடுவார்கள். இன்னொன்று வாயகன்ற கண்ணாடி ஜாடி. ஹாலில் ஒரு மாதம் திறந்து வைத்து, விழுந்ததை எடை போடுவார்கள்.

"எது வேணும்னு நீங்களே சொல்லுங்கோ அப்பாதுரை. பின்னாடி யாரும் எங்களைக் குத்தம் சொல்லப்படாது."

மாமா ஜாடியைக் கேட்டார். "பேப்பரு ஆபீசுக்குள்ள போயிடும். அங்க இன்னா நடக்குதோ யார் கண்டா? ஜாடி நம்ம கண்ணு முன்னால இருக்கும். எவனும் சுள்ளு சொல்லி, பொய்க் கணக்குக் காட்டி ஏமாத்த முடியாது" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். நுரையீரலுக்குள் போகிற தூசி அவ்வளவு சுலபமாக ஜாடிக்குள் விழாது, காற்றிலேயே மிதக்கும் என்பதை நான் பினாங்கில்தான் படித்தேன். சந்தானம் முன்பே படித்திருப்பார்.

பிளாட்பாரத்தில் மாமா குஷியாக இருந்தார். "ஒரு மாசம் முடிஞ்சுது, நாளன்னிக்கு ஜாடிய எடை போடறாங்க, ராஜி. நீ திரும்பி வர்றப்போ உன்னையும் பொட்டியையும் சேத்தே தூக்குவேன்."

அத்தை மில் பூஜைப் பொரியைப் பொட்டலமாக என் கையில் திணித்தாள். "காலைல எல்லா மிஷினையும் தொடச்சோம். அந்த ஜாடியையும் நானே நல்லாக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சேன். பளபளன்னு இருக்கு. நமக்கு நல்லது பண்ணப்போற சாமான் ஆச்சே!"

மாமா அவளையே பார்த்தார்.

"ஆபீசர்கிட்ட சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"சொன்னா? கம்பெனி சாமான்ல கை வெச்சான்னு இவளை வெளிய அனுப்பிடுவாங்க."

"ஏன், இன்னா ஆச்சு?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல. பொரி குடு, தின்னலாம்" என்றார் மாமா.

விஜயதசமி லீவு முடிந்ததும் ஜாடி குங்குமப் பொட்டோடுதான் தராசுக்குப் போனது. சந்தானம் பொட்டைத் துணியால் துடைத்துவிட்டு எடை போட்டாராம். எப்போது கழுவினீர்கள் என்று கேட்கவில்லை. "நீங்க கேட்ட ஜாடிதானே, அப்பாதுரை?" என்று மட்டும் கேட்டார். மாமா "ஆமாங்க" என்றார். ஹால் காற்று சுத்தம் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். பம்பு அலமாரிக்குள் போனது.

பினாங்கு, ஏடன், மொம்பாசா என்று சுற்றிவிட்டு நான் 1965-இல் திரும்பினேன். மாமா இல்லை. கடைசி வருஷம் அவரால் படுக்கக்கூட முடியாதாம். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாராம். ஜாடியைப் பற்றி அவர் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? ஆயுத பூஜைக்கு அவள் மிஷினைத் துடைக்கிறாள். ஆனால் அந்த வருஷத்துக்குப் பிறகு எதற்கும் பொட்டு வைப்பதில்லை. இப்போது திங்கட்கிழமைகளில் அவளுக்கும் மூச்சு வாங்குகிறது.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை, நான் அத்தை வீட்டில் இருந்தபோது, மில் டைம் ஆபீசிலிருந்து சில்வெஸ்டர் வந்தார். மாமாவின் சாவுக்கு வந்து பாடை தூக்கியவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"புது மிஷின் வாங்கியிருக்காங்க, அக்கா. மூக்கு உசரத்துல வெச்சுக் காத்தை உறிஞ்சுது. தூசி ரொம்ப ஜாஸ்தியாம். அன்னைக்கு மனுக் குடுத்தவங்க லிஸ்ட்டை எடுத்து, எல்லாருக்கும் போய்ச் சொல்லச் சொன்னாங்க."

"எம்பேரு இருக்கா?" என்றாள் அத்தை.

"நீங்க மனுக் குடுக்கலியே, அக்கா."

"அப்போ இங்க யாருக்குச் சொல்ல வந்தே?"

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "அவரு பேரை இன்னும் லிஸ்ட்லேர்ந்து அடிக்கல, அக்கா. சொல்லிட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டாகணும்."

"சரி, சொல்லிட்டுப் போ."

சில்வெஸ்டர் சுவரில் இருந்த மாமாவின் படத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"திங்கட்கிழமைலேர்ந்து அப்பாதுரைக்குப் பாக்கிங் கோடவுன்ல வேலையாம்."