தலைக்கு மேல் ஓடிய ஃபேன்

ஆண்டர்சன்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அன்று கண் தெரியாத ஒரு பெண் ஹால் டிக்கெட் டவுன்லோட் செய்ய வந்தாள். மறுநாள் பெங்களூரில் பரீட்சை. நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். “வேணாண்ணா, நான் பாத்துக்கிறேன்” என்று பென் டிரைவைச் சொருகினாள். ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. ஒவ்வொரு லிங்க்கையும் அது கடகடவென்று சத்தமாக வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டே கீயைத் தட்டினாள்.

பக்கத்து சீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சத்தமில்லாமல் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“இன்னாண்ணா, கரண்ட் போச்சா?”

“ஆமாம்மா” என்றேன், வாய் கூசாமல்.

அவள் முகத்தை மேலே தூக்கினாள். நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

“ஃபேன் ஓடுதேண்ணா.”

அவளே பையைத் துழாவி ஹெட்போனை எடுத்து நீட்டினாள். “சத்தம் தொந்தரவுன்னு சொல்லியிருந்தா அப்பவே போட்டிருப்பேனே.”

வாங்கிச் சொருகினேன். ஐந்தே நிமிடத்தில் ஃபைலை இறக்கி, பிரிண்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் கரண்ட் போனால், நான் முதலில் அண்ணாந்து ஃபேனைத்தான் பார்க்கிறேன்.