அறுபத்திரண்டு மரத் தூரம்

மூன்றாங்கல் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அவளுடைய கூவல்தான் சாட்சி. கீரிப்பாறையைத் தாண்டி மலைச்சரிவில் இருக்கிறது அந்தத் தனியார் ரப்பர் தோட்டம். முப்பத்துநான்கு பேர் மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒவ்வொருத்தியும் தன் பிளாக்கில் தனியாக நிற்பாள். ஒரு வரிசை மரம் வெட்டி முடித்ததும் கூவுவாள். பக்கத்து பிளாக்கில் இருப்பவள் பதிலுக்குக் கூவ வேண்டும். அடுத்தடுத்து மூன்று தடவை கூவியும் பதில் வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுவார்கள். அந்தச் சரிவில் யானை இறங்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது கம்பெனி அல்ல. தொழிலாளிகள் தாங்களாகவே செய்துகொண்டது. கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் யானை என்ற சொல்லே கிடையாது.

ஓமனா அங்கே பத்தொன்பது வருடம் பால் வெட்டியவள். வயது நாற்பத்தேழு. கழுத்தில் தைராய்டு கட்டி வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரல்வளையில் இரண்டு மடிப்புகள் உண்டு, அவை சேர்ந்து அதிர்ந்தால்தான் சத்தம் வரும், இடப்பக்கத்து மடிப்புக்குப் போகும் நரம்பு சோர்ந்துவிட்டது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். இந்த அறுவையில் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு. மாதங்களில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பயிற்சி செய்யுங்கள் என்றார். பயிற்சி சொல்லித்தருகிறவர் நாகர்கோவிலில் இருந்தார். இரண்டு வாரம் போனாள். மூன்றாவது வாரம் எஸ்டேட்டில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சூப்பர்வைசர் சுந்தரராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"ஓமனா, நீ கூவினது பக்கத்து பிளாக் லீலாபாய்க்குக் கேக்கல்லியாமே?"

"காத்து மட்டும்தான் வருது சாறே. சத்தம் வரல்ல."

"அப்பம் எப்படி உன்ன பிளாக்குல விடுறது? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுறது?"

"ஒரு விசில் வாங்கித் தாருங்க சாறே. ஊதிக்கிடுறேன்."

"ஒனக்கு ஒண்ணு தந்தா முப்பத்துநாலு பேருக்கும் கொடுக்கணும். எதுக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும். அதெல்லாம் நடக்காது."

விசிலுக்கு ஆகும் செலவு அந்தக் கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல. எதற்காக விசில் என்று எழுதினால் யானை வருகிறது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொண்டால் அதன் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பாதுகாப்புக் காரணத்தை முன்னிட்டு, ஆறு மாதத்துக்குள் கூவல் கேட்கும் நிலைக்கு அவள் வராவிட்டால் பால்வடிப்பிலிருந்து நீக்கப்பட்டு, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பொறுக்கும் தினக்கூலி வேலைக்கு மாற்றப்படுவாள். அதுவரை பழைய பிளாக்கிலேயே வெட்டலாம். பொறுக்குவது வாரத்தில் இரண்டு நாள் வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ் அதோடு முடிந்த மாதிரிதான். தொழிலாளிகள் தங்கள் உயிருக்காக ஏற்படுத்திக்கொண்ட கூவலை ஒரு தொழிலாளியின் கழுத்துக்கே கத்தியாகத் திருப்ப முடியும் என்பதைக் கண்டுபிடித்த மூளையை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

கணவர் பகவதியப்பன் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை இறக்குகிறவர். மனைவி மேல் உயிராக இருப்பவர். அவர் ஒரு மந்திரவாதியிடமிருந்து கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். யாரோ வாய்க்கட்டு வைத்திருக்கிறார்களாம்.

"கெட்டிப் பாரேன், ஓமனே. நஷ்டம் ஒண்ணும் இல்லியே."

"டாக்டர் நரம்புன்னு சொன்னாரு. நரம்பு கயிறு கண்டா பேடிக்குமா?" என்று அவள் காற்றுக் குரலில் கேட்டாள். கயிற்றை அவர் மனம் நோகாதபடி வாங்கி, வாழைக்கன்றை அதற்கு ஊன்றிய கம்போடு சேர்த்துக் கட்டினாள்.

அவள் செய்த முதல் தவறு அந்த மலையில் யாரும் செய்யக்கூடியதுதான். குரல் வேண்டுமென்றால் கூவிப் பழக வேண்டும் என்று நினைத்தாள். தினமும் சாயங்காலம் ஓடைப் பள்ளத்தில் இறங்கி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இருநூறு தடவை கூவினாள். பன்னிரண்டாம் நாள் தொண்டை முழுவதும் எரிந்தது. பேச்சும் நின்றுவிட்டது. மூன்று வாரம் கையால் சைகை காட்டி வாழ்ந்தாள். ஆறு மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வீணாயிற்று.

அந்த மூன்று வாரத்தில்தான் படிக்க ஆரம்பித்தாள். மகள் ரேஷ்மி விட்டுப்போன பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் குரல்வளைப் படம் இருந்தது. போனில் மலையாளத்திலும் தமிழிலும் குரல் பயிற்சி வீடியோக்கள் இருந்தன. பாட்டுக்காரர்களுக்கானவை, மேடைப் பேச்சாளர்களுக்கானவை, வியாபாரம் பேசுகிறவர்களுக்கானவை. பாதிக்கு மேல் வெறும் அளப்பு. 'ஏழு நாளில் தேன் குரல்' என்றவர்களை அவள் ஏழு நிமிடத்தில் தள்ளிவிட்டாள். எது ஏன் என்று காரணம் சொல்கிறதோ அதை மட்டும் நோட்டில் எழுதினாள். எழுதியதைத் தன் தொண்டையில் சோதித்தாள். பலன் இருந்தால் பக்கத்தில் ஒரு கோடு. இல்லையென்றால் அடித்துவிடுவாள். மிளகுக் கஷாயம் அடிக்கப்பட்டது. தேன் அடிக்கப்பட்டது. தண்ணீருக்குக் கோடு கிடைத்தது.

கிளாஸில் பாதி தண்ணீர் எடுத்து, அதில் ஸ்ட்ராவை முக்கி, குமிழி வரும்படி 'ஊ' என்று மெல்ல ஊதுவது ஒரு பயிற்சி. தண்ணீர் காற்றைத் திருப்பித் தள்ளும்போது மடிப்புகள் நோகாமல் சேரும் என்று ஒரு வீடியோ சொன்னது. ஐந்து நிமிடம் ஊதினாள். முடிந்ததும் 'ம்' என்றாள். அறுவைக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போல ஒன்று வந்தது. அதற்கு இரண்டு கோடு போட்டாள்.

இன்னொன்றை எந்த வீடியோவும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் மரத்தில் பட்டையைச் சீவியபடி முனகிக்கொண்டிருந்தாள். வெட்டு மரத்தைச் சுற்றி இறங்குவதால் தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிய நொடியில் முனகல் தெளிந்தது. நேரே திரும்பினாள், மங்கியது. மறுபடி இடப்பக்கம், தெளிந்தது. வலப்பக்கம், ஒன்றும் இல்லை. நாற்பது மரங்களில் சோதித்தாள். நாற்பதிலும் அதுதான் நடந்தது. சோர்ந்த பக்கம் தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் ஒடுங்கி, மடிப்புகள் நெருங்குகின்றன என்று அவளே ஊகித்தாள். பிறகு தேடிப் பார்த்தபோது மருத்துவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள்.

கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, நிறுத்தாமல் குரலை இழுக்கும் பாட்டுப் பயிற்சி ஒன்றும் உண்டு. அதை அவள் வரிசையில் நடந்தபடி செய்தாள். பக்கத்து பிளாக் லீலாபாய் எல்லையில் நின்று கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏட்டி, நீ என்ன ஆம்புலன்ஸா? ஆளு செத்துட்டான்னு நெனச்சு ஓடி வந்தேன்."

"அங்க வரைக்கும் கேட்டுதா?"

"எங்க வரைக்கும்?"

"நீ நின்ன எடத்துலேருந்து எண்ணுட்டி. எத்தன மரம்?"

லீலாபாய் எண்ணினாள். பதினெட்டு மரம். அன்றைக்குத்தான் ஓமனாவுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. எஸ்டேட்டில் மரங்கள் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே குரலை மரத்தால் அளக்கலாம். ஒவ்வொரு வாரமும் லீலாபாய் நகர்ந்து நின்று, சத்தம் கேட்டால் கை தூக்குவாள், ஓமனா எழுதுவாள். இருபத்திரண்டு. முப்பத்தொன்று. முப்பது. நாற்பத்தாறு. மூச்சை இறுக்காமல், இடப்பக்கம் திரும்பி, வாயை உருட்டிக் கூவியபோது அறுபத்திரண்டு. அதற்கு மேல் போகவில்லை. ஐந்தாம் மாதத்திலும் அறுபத்திரண்டுதான். இரண்டு பிளாக்குகளின் தூர முனைகளுக்கு நடுவே எண்பத்தைந்து மரம். கூவல் அவ்வளவு தூரம் எட்ட வேண்டும்.

"போச்சு லீலா. இருபத்திமூணு மரம் கொறவு."

"எனக்கு எத்தன எட்டும்னு பாரு. சும்மா பாரேன்."

லீலாபாயின் கூவல் அந்த மலையில் பேர் போனது. நூற்றுப் பத்து மரம் எட்டியது. ஓமனா அதையும் எழுதினாள். மறுநாள் பள்ளத்திலிருந்து காற்று ஏறி, தோட்டம் முழுவதும் இலை இரைந்தது. அதே இடத்தில் நின்று லீலாபாய் மறுபடி கூவினாள். ஓமனா நெருங்கி நெருங்கி வந்தாள். நாற்பத்தைந்தாவது மரத்துக்கு வந்த பிறகுதான் சத்தம் காதில் விழுந்தது. நம்பாமல் மூன்று தடவை பார்த்தார்கள். நாற்பத்தைந்து. நாற்பத்துமூன்று. நாற்பத்தைந்து.

லீலாபாய் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஜெபமணி என்ற பால்வடிப்புத் தொழிலாளி அந்தச் சரிவில் செத்துக் கிடந்தாள். விலா நொறுங்கியிருந்தது. பக்கத்தில் மரம் சாய்ந்திருந்தது. கம்பெனி விசாரித்தது. யானை வந்திருந்தால் அவள் கூவியிருப்பாள், கூவியிருந்தால் பக்கத்து பிளாக்கில் கேட்டிருக்கும், கேட்கவில்லை என்று பக்கத்துத் தொழிலாளியே சொல்கிறாள், எனவே யானை வரவில்லை, கால் வழுக்கிப் பாறையில் விழுந்து இறந்தாள் என்று எழுதி முடித்தது. அந்தப் பக்கத்துத் தொழிலாளி லீலாபாய். கேட்டதைக் கேட்டதாகவும் கேட்காததைக் கேட்காததாகவும் சொன்னவள். அந்த உண்மையை வைத்தே ஜெபமணியின் சாவைப் பொய்யாக்கினார்கள்.

"அண்ணைக்குக் காத்துட்டி," என்றாள் லீலாபாய். "பால் சிரட்டையெல்லாம் உருண்டுது. அவ கூவியிருக்கா. எனக்குக் காது அடச்சுப் போச்சான்னு நாலு வருஷமா..."

ஓமனா நோட்டை மடியில் வைத்து, தேதியும் காற்றின் திசையும் எழுதினாள். அடுத்த மூன்று வாரங்களில் முப்பத்துநான்கு பேரின் குரலையும் அளந்தாள். காற்று ஏறும் நாளில் ஒருவருடைய கூவலும் எண்பத்தைந்து மரம் எட்டவில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் எஸ்டேட் ஆபீசில் விசாரணை நடந்தது. மேனேஜர் கிருஷ்ணமணி, சுந்தரராஜ், டைப் அடிக்க ஒரு கிளார்க். வேலை முடிந்த தொழிலாளிகள் ஜன்னலுக்கு வெளியே கூடி நின்றார்கள். ஓமனா சொன்னதை கிளார்க் அடித்தார். தன் கூவல் அறுபத்திரண்டு மரம்தான் எட்டும் என்பதை அவள் மறைக்கவில்லை. மற்றவர்களின் அளவைச் சொன்னாள். காற்றைச் சொன்னாள். கூவல் எதற்கு என்பதைச் சொன்னாள். ஜெபமணியைச் சொன்னாள். நான்கு பக்கம் வந்தது.

கிருஷ்ணமணி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிளார்க்கைக் கையமர்த்தினார்.

"இங்க பாரு ஓமனா. நீ பழைய பிளாக்கிலேயே வெட்டு. உன் குரல் போதும்னு நானே எழுதித் தாறேன். கடைசி ரெண்டு பக்கம் மட்டும் வேண்டாம். அது உனக்க காரியம் இல்லியே?"

அவள் கேட்டு வந்தது அதைத்தான். வேலை. ஆறு மாதம் தண்ணீரில் குமிழி விட்டது அதற்காகத்தான். சுந்தரராஜ் தலையை ஆட்டி, சரின்னு சொல்லு என்று சைகை காட்டினார். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் காட்டினார்.

"வாசிச்சுப் பாத்துட்டு ஒப்பு போடுறேன் சாறே," என்றாள் ஓமனா.

"வாசியேன்."

அவள் உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். தலை இடப்பக்கம் திரும்பினால்தான் குரல் வரும். இடப்பக்கம் ஜன்னல் இருந்தது. ஆகவே மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தபடி, வெளியே நிற்பவர்களைப் பார்த்து வாசித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் மூச்சு எடுத்தாள். தன் குரல் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நிமிடம் தாங்கும் என்பதை அவள் அளந்து வைத்திருந்தாள். நான்கு பக்கம் அதற்கு மேல் போகும் என்பதும் தெரியும். இரண்டாம் பக்கம் முடிந்ததும், "போதும், தெரிஞ்சதுதானே" என்றார் கிருஷ்ணமணி. அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஜெபமணியின் பெயர் வந்தபோது வெளியே நின்றவர்கள் ஜன்னலை நெருங்கினார்கள். நான்காம் பக்கத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். அவசரப்படவில்லை. சின்ன 'ம்' ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தணிந்த குரலில் வாசித்தாள். வெளியே இருந்தவர்கள் ஜன்னல் கம்பியில் காதை வைத்துக் கேட்டார்கள்.

பிறகு நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். நகல் கேட்டாள். நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். இன்றைக்கே வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். லீலாபாய் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். நகல் கிடைத்தது.

ஒன்பது நாள் கழித்து, விசாரணை கைவிடப்பட்டது, ஓமனா பழைய பிளாக்கிலேயே தொடரலாம் என்று ஒற்றை வரிக் கடிதம் வந்தது. அதே வாரம் முப்பத்துநான்கு விசில்கள் வந்தன. ரெஜிஸ்டரில் 'தொழிலாளர் வசதிக்காக' என்று எழுதியிருந்தார்கள். யானை என்ற சொல் அங்கே இன்னும் இல்லை.

ஜெபமணியின் சாவைத் திரும்ப விசாரிக்கக் கோரும் மனு, அந்த நான்கு பக்க நகலோடு, தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. லீலாபாய் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி ஓமனா. போன மாதம் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. கேக்கல."

"இதுக்கு மேல வராது சார். நான் பார்த்தாச்சு," என்றாள் ஓமனா. "நீங்க கொஞ்சம் பக்கத்துல வாருங்க."

அவர் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.